பதிவேட்டில் ஏறாத நான்கு சனிக்கிழமைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இன்றைய நீதிபதி ஐயா அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த நீதிபதி அம்மாவின் தம்பி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் குமாஸ்தாக்களே, இந்தப் படத்திறப்புக்கு வந்த எல்லாருக்கும் என் வணக்கம்.

குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளைகள் அறை வாசலில் இருபத்தாறு வருஷம் நின்றவன் நான். பிரிந்துபோன அப்பாவோ அம்மாவோ தன் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிற அறை அது. எனக்கு எழுத்து தெரியாது. கையில் தாளும் இல்லை. கண்டதைச் சொல்கிறேன்.

அம்மா எப்படிப்பட்டவர்? கருணைக் கடல் என்றார் எனக்கு முன்னால் பேசியவர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வக்கீல்கள் வைத்த பெயர் 'கத்தரி அம்மா'. யாராவது நீட்டி முழக்கினால் நடுவிலேயே வெட்டிவிடுவார். சிரிக்கிறீர்களே, வெட்டுப்பட்டவர்களில் பாதிப்பேர் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்!

அந்தக் கத்தரி ஒருமுறை தப்பாக வெட்டியது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு பஸ் டிரைவர். மனைவி நர்ஸ். பிரிந்துவிட்டார்கள். ஐந்து வயதுப் பெண் தாயிடம். மாதம் இரண்டு சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை அப்பா பார்க்கலாம் என்று உத்தரவு. நான்கு சனிக்கிழமை போயின. நான்கு தடவையும் பதிவேட்டில் 'வரவில்லை'. வழக்கு வந்த அன்று டிரைவர் வண்டியோடு வெளியூரில். நடந்தது அவருடைய வக்கீலுக்கும் தெரியாது. "அப்பனுக்கு அக்கறை இல்லை, பிள்ளைதான் ஏங்குது" என்றார் எதிர்வக்கீல். அம்மா பதிவேட்டைப் புரட்டினார். சந்திப்பை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை, வழக்குக் கட்டுகளைப் பார்க்க வந்திருந்த அம்மா ஒரு மணிக்குப் படியிறங்குகிறார். உத்தரவு இன்னும் டிரைவர் கைக்குப் போகவில்லை. அந்த மனிதர் டிரைவர் உடுப்பைக்கூட மாற்றாமல், பூட்டிய வாசலில் மூச்சு வாங்க நிற்கிறார். நான் அதட்டுகிறேன்.

"ஒவ்வொரு தடவையும் இதே கதைதானாப்பா? பன்னெண்டு அடிச்சா பூட்டிடுவேன்னு சொல்லலை?"

அம்மா நின்றார். "எத்தனை தடவை வந்திருக்கார்?"

"இதோட அஞ்சாவதும்மா. தவறாம வருவார், தாமதமா வருவார்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"யாரும் கேக்கலையேம்மா."

டிரைவரைப் பார்த்தார். காலையில் எடுத்த வண்டியை விட்டு இறங்கவே பன்னிரண்டரை ஆகுமாம். "நேரத்தை மாத்தித் தரச் சொல்லக் கூடாதா?"

"கோர்ட்டு சொன்னதுக்கு மறுபேச்சு பேசலாமாம்மா?" என்றார் அந்த மனிதர்.

எங்கள் பதிவேட்டில் இரண்டே கட்டம்: வந்தார், வரவில்லை. பன்னிரண்டுக்குக் குமாஸ்தா அதை மூடிவிடுவார். ஒரு மணிக்கு ஓடி வந்தவருக்குக் கட்டம் எது? உள்ளே என்ன எழுதுகிறார்கள் என்று வாசலில் நின்ற எனக்குத் தெரியாது. வாசலில் யார் நின்றார் என்று எழுதியவருக்குத் தெரியாது.

வேறொருவர் என்றால், "மனு போடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருப்பார். அம்மா திங்கட்கிழமையே இருவரையும் வரவழைத்து, எல்லார் காதிலும் விழ, "என் உத்தரவு தப்பு" என்றார்!

நர்ஸம்மா பொங்கிவிட்டார். "நேரத்துக்கு வர்ற மனுஷனா இருந்தா நான் ஏம்மா கோர்ட்டுப் படி ஏறுறேன்?"

"அவர் தாமதம் உங்களுக்குத் தாங்கலை, பிரிஞ்சீங்க. பிள்ளை பிரியணும்னு கேட்டாளா?"

சந்திப்பு இரண்டு மணிக்கு மாறியது. உடனே எல்லாம் சரியானதா? இல்லை. முதல் நாள் அந்தப் பிள்ளை கிட்டே வரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீங்க வரவே இல்லையே" என்றது.

"வந்தேன் கண்ணு. கதவு பூட்டியிருந்துச்சு" என்றார், தரையில் உட்கார்ந்திருந்த டிரைவர்.

மூன்றாம் சந்திப்பில்தான் மடியில் ஏறியது.

அன்றிலிருந்து தாம் ஓய்வு பெறும்வரை, பிள்ளை வழக்கு எதுவானாலும், கையெழுத்துக்கு முன் அம்மா என்னைக் கூப்பிடுவார். "பூட்டின பிறகு யார் வந்தாங்க?" நாளும் நேரமும் ஆளும் ஒப்பிப்பேன்.

அம்மாவுக்குப் படம் திறக்கிறீர்கள், திறங்கள். ஆனால் நீதிபதி ஐயா, பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள். போடும்வரை, சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்குமேல் அந்த வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். ஓடி வருகிறவர் முகத்தை மனதில் வாங்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வருவேன். நீங்கள் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.