பதினாலாவது விதி

— முப்பத்தெட்டா? நூத்துக்கு முப்பத்தெட்டா? உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா லொரெய்ன்?

— இருக்கு கார்னெட். அதனாலதான் முப்பத்தெட்டு. இல்லேன்னா இருபதோட நிறுத்தியிருப்பேன்.

— எழுபது வந்தாத்தான் பாஸ். ஒரு எழுபத்திரண்டு போடு. சத்தியமா யாரும் கூட்டிப் பாக்க மாட்டாங்க.

— பழைய ஸ்னோமொபைல் வாங்க வந்தவன் மாதிரி பேரம் பேசாத ராசா. ஏஐ ஏஜென்ட்டுக்கு நீ ஒரு கட்டளைத் தாள் எழுதின. ஆப் எப்படி வேலை செய்யணும்னு சொல்ற ஸ்பெக்கை அதை வச்சு அது ஒழுங்கா எழுதுதான்னு பாக்கச் சொல்லி நம்ம மேனேஜர் மொரீன் என்கிட்ட குடுத்தாங்க. பாத்தேன். எழுதல.

— பதினாறு வருஷமா இந்தக் கம்பெனியில ஸ்பெக் எழுதறவ நீ. இந்த ஏஜென்ட் பாஸானா உன் வேலை காலி. உன்னை மார்க் போடச் சொன்னது, ஆட்டைக் கூப்பிட்டுக் கசாப்புக் கத்திக்கு மார்க் போடச் சொன்ன மாதிரி.

— கத்திய ஆடு நல்லாவே பாக்கும். வேற யாரும் அவ்வளவு கிட்டப் போய்ப் பாத்திருக்க மாட்டாங்க.

— சிரிக்காத. பன்னெண்டு மணிக்கு மொரீன் முடிவு சொல்லப் போறாங்க. ஃபெயில்னா என் சீட்டு போச்சு. ஆறு மாசமா வேற எந்த வேலையும் பாக்காம இந்தத் தாளைத்தான் எழுதியிருக்கேன்.

— அது படிச்சாலே தெரியுது. மூணாவது விதி என்ன சொல்லுது? "நீ முப்பது வருஷ அனுபவம் உள்ள, உலகத்திலேயே தலைசிறந்த நிபுணன்." போன வருஷம் பொறந்ததுக்கு முப்பது வருஷ அனுபவமா?

— அப்படிச் சொன்னாத்தான் அது நல்லா எழுதும்.

— அப்ப உனக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். ஒம்பதாவது விதி, சுருக்கமா எழுது. இருபத்திரண்டாவது விதி, ஒரு விவரமும் விட்டுப் போகக் கூடாது. முப்பத்தொண்ணாவது விதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: "தப்புப் பண்ணாதே." அடடா! இது நமக்கு முன்னாடியே தோணியிருந்தா எல்லாருமே பொழைச்சிருக்கலாமே.

— விதியைக் கிண்டல் பண்றது சுலபம். அது எழுதின ஸ்பெக்கைப் பாத்தியா? அதைச் சொல்லு.

— பாத்தேன். ஐஸ் ஹாக்கி ஆடற ரிங்க்காரங்க என்ன கேட்டாங்க? ஒரு ஆட்டம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள ஐஸைச் சீவித் தண்ணி விட்டு வழவழப்பாக்கற வண்டி வருமில்ல, அது நேரத்துக்கு வர்றதை ரிங்க் புக் பண்ற நம்ம ஆப்பே பாத்துக்கணும்னாங்க. அவ்வளவுதான். ஒரே கோரிக்கைய மூணு தடவை குடுத்தேன். முதல் தடவை பதினாலு பக்கம் எழுதிச்சு. பாக்க அவ்வளவு அழகு, ஃபிரேம் போட்டு மாட்டலாம். நாலு அம்பதுக்கு புக்கிங் முடியுது, நாலு அம்பது அடிச்சதும் ரிங்க் கேட்டு தானாத் திறக்குது, வண்டி உள்ள போகுது.

— சரியாத்தானே இருக்கு?

— ஐஸ் மேல ஏழு வயசுப் பசங்க ஹாக்கி ஆடிக்கிட்டிருக்காங்களே! ஆட்டம் ரெண்டு நிமிஷம் இழுத்துடுச்சுன்னு வச்சுக்க. பசங்களை வெளிய அனுப்பறது யாரு? ஐஸ் காலியாயிடுச்சுன்னு பாத்துச் சொல்றது யாரு? ஒரு வார்த்தை இல்ல. கடைசிப் பக்கத்துல கொட்டை எழுத்துல மட்டும் போட்டிருக்கு: "தெளிவில்லாத விஷயங்கள்: எதுவுமில்லை."

— ரெண்டாவது தடவை?

— கேட்டுன்னு ஒண்ணே இல்லை. மூணாவது தடவை வண்டியே இல்லை. பசங்களுக்கு நட்சத்திரப் பரிசு குடுக்குது.

— அய்யோ.

— ஏன் இப்படி ஆகுதுன்னு தேடினேன். பதினாலாவது விதியில வந்து நின்னுச்சு. "எந்தக் கேள்வியும் கேட்காதே. சந்தேகம் வந்தால் நீயே ஒன்றை நினைத்துக்கொண்டு மேலே எழுது." எந்தப் புண்ணியவான் இதை எழுதினது?

— நான்தான். முதல்ல அந்த விதி கிடையாது. சோதிச்சுப் பாத்த அன்னைக்கு அது என்கிட்டயே இருபத்திமூணு கேள்வி கேட்டுச்சு லொரெய்ன்.

— நீ என்ன பதில் சொன்ன?

— பதினாலாவது விதியை எழுதினேன்.

— சபாஷ்! நீ ரிங்க்குக்குள்ள கால் வச்சு எத்தனை வருஷம் ஆச்சு?

— எனக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்.

— பனி கொட்டற சட்பரியில பொறந்து வளந்தவன் பேசற பேச்சா இது?

— சரி, தாயே. பெரிய மனசு பண்ணு. அம்பத்தஞ்சு போடு, மிச்சத்தை நான் மொரீன்கிட்டப் பேசிக்கறேன்.

— அம்பத்தஞ்சு எதுக்கு? எம்பத்தெட்டு வேணுமா?

— என்ன விளையாடறியா?

— நெஜமாத்தான் சொல்றேன். பதினாலாவது விதியை அடிச்சுட்டு நேத்து திரும்ப ஓட்டினேன். ஒரு வரிதான் எடுத்தேன், வேற எதையும் தொடல. இருபத்தாறு கேள்வி கேட்டுச்சு. ஒவ்வொண்ணும் நச்சுன்னு இருந்துச்சு. நான் பதில் எழுதினேன். அதுக்கப்புறம் அது எழுதின ஸ்பெக் எம்பத்தெட்டு வாங்கிச்சு. ரெண்டு மார்க்கையும், கேள்வி பதில் எல்லாத்தையும் காலையிலயே மொரீனுக்கு அனுப்பிட்டேன்.

— எம்பத்தெட்டு! பாஸ்! நீ நல்லா இருக்கணும் லொரெய்ன்! ஆனா... உன் வேலை போயிடுமே. நீ எதுக்கு இப்படிப் பண்ணின?

— நல்லா யோசி ராசா. இனிமே இந்த ஏஜென்ட் கேள்வி கேக்கும். கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும். ரிங்க்கைப் பத்தி இந்த ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?

— உனக்கு...

— கட்டளைத் தாள் முடிஞ்சு போச்சு. ஒரு வரி அடிக்கறதோட வேலை தீந்தது. அதை எழுத இனிமே யாராவது வேணுமா?

— அடிப்பாவி! பாஸ் போட்டு என்னையே தூக்கறியா?

— சத்தம் போடாத. எழுபத்திரண்டு கேட்ட, எம்பத்தெட்டு குடுத்திருக்கேன். பதினாறு மார்க் லாபம்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா? பார்க்கிங் வரைக்கும் கேக்குது.

— வாங்க மொரீன். மணி பதினொண்ணே முக்கால்தானே ஆகுது?

— முடிவு பண்ணியாச்சு, அதான் வந்துட்டேன். லொரெய்ன், உன் ரிப்போர்ட் பிரமாதம். பதினாலாவது விதியை எடுத்தாச்சு, ஏஜென்ட் பாஸ்.

— நன்றி மொரீன். கேள்விகளுக்கெல்லாம் நான் எழுதின பதில்...

— அதைத்தான் சொல்ல வந்தேன். கேள்வியெல்லாம் நல்லா இருந்துச்சா, யார் கேட்டதுன்னு சொல்லாம ஒரு ரிங்க்குக்கு நேரா அனுப்பிப் பாத்தேன். அங்க ஐஸ் வண்டி ஓட்டற பெர்னீஸுன்னு ஒருத்தி. ஐஸ் மேல விட்ட தண்ணி உறையறதுக்குள்ள இருபத்தாறுக்கும் பதில் எழுதி அனுப்பிட்டா.

— என் பதிலோட ஒத்துப் போச்சா?

— பதினொண்ணு நேர்மாறா இருக்கு. கோச் விசில் அடிச்சதும் ஐஸ் காலியாயிடும்னு நீ எழுதியிருக்க. விசிலுக்குப் பசங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்களாம். வண்டியை விட்டு இறங்கி, வெளிய வர்ற தலையை ஒவ்வொண்ணா எண்ணி விட்டுட்டுத்தான் உள்ள போவேன்னு எழுதியிருக்கா. நீ கடைசியா எப்ப ரிங்க்குக்குப் போன?

— என் பொண்ணு ஆடறப்ப... ஒம்பது வருஷம் இருக்கும்.

— மொரீன், நான் ஒண்ணு சொல்லலாமா? நான் எழுதின மிச்ச முப்பது விதி...

— வேண்டாம் கார்னெட். திங்கக்கிழமையில இருந்து ஏஜென்ட் கேக்கும், பெர்னீஸ் பதில் சொல்லுவா. அவகிட்டப் பேசியாச்சு, அவளும் சரின்னுட்டா.

— அப்ப எங்க ரெண்டு பேர்ல யாரு இருக்கறது?

— பெர்னீஸ் கடைசியா எழுதியிருக்கறதைப் படிக்கறேன், நீங்களே சொல்லுங்க: "இத்தனை வருஷமா எங்களுக்கு ஸ்பெக் எழுதிக்கிட்டிருந்த மெஷினைத் தூக்கிட்டு, ஒருவழியா கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷனை வேலைக்கு வச்சிருக்கீங்க போல. ரொம்ப சந்தோஷம்."