ஆறு ராஜாக்கள் யோசிக்கிறார்கள்

— அப்போ எட்டு கோர் போட்டாலும் பிரயோஜனம் இல்லங்கற.

— இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு இல்ல மாமா, சத்தியமா. பிராசஸருக்குள்ள எட்டு மூளை இருந்தாலும் இது ஒரு மூளையைத்தான் வேலை வாங்கும். கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறவன் நானே வேணாம்னு சொல்றேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

— அதுலதான் எனக்குச் சந்தேகமே. வேணாம்னு சொல்ற கடைக்காரனை என் வாழ்நாள்ல நான் பாத்ததில்ல.

— கடைக்காரனா சொல்லல. மாப்பிள்ளையா சொல்றேன்.

— தம்பி, நீ இந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்த ஆளு. ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வர்ற, இன்னும் ரிப்பேர் முடியல. உன்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— கடைக்கு போன் பண்ணிக் கூப்பிட்டது நீங்கதானே?

— யாரு கடைன்னு தெரியாம பண்ணிட்டேன்.

— போர்டுல உங்க பொண்ணு பேருதான் இருக்கு மாமா. ஆறடி போர்டு. நீங்க தினமும் வேலைக்குப் போற வழி.

— நான் லிஃப்ட் மெக்கானிக். மேலயும் கீழயும் பாத்துப் பழக்கம். பக்கவாட்டுல பாக்க மாட்டேன்.

— எங்க கல்யாணத்தைக்கூடப் பாக்கல.

— கூப்பிட்டாத்தானே பாக்கறதுக்கு? நான் பாட்டுக்கு ஒரு ஆபீஸ் கட்டடத்துல, மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு கிரீஸ் தடவிக்கிட்டிருக்கேன். மேல இருந்து வாட்ச்மேன் எட்டிப் பாத்து, 'பொண்ணுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணமாமே, வாழ்த்துக்கள் சார்'ங்கறான். மேல ஏறவும் முடியல, கீழ இறங்கவும் முடியல. சரி விடு. உன் முறை, ஆடு.

— ஆடிட்டேன். என் குதிரைப்படை ஆத்தைத் தாண்டியாச்சு.

— என் கோட்டைக்கு இன்னொரு சுவர் வெச்சாச்சு. 'முறை முடிந்தது' பட்டனை அழுத்து.

— அழுத்திட்டேன்.

— ஆரம்பிச்சுட்டானுங்க, ஸ்கிரீனைப் பாரு. 'மற்ற அரசர்கள் யோசிக்கிறார்கள்.' கம்ப்யூட்டரோட ஆறு ராஜா, ஆளுக்கொரு தாடி. நாலு நிமிஷம் மண்டையைப் போட்டு உடைச்சுக்குவானுங்க. கடைசியில ஒருத்தன் பாலம் கட்டுவான், ஒருத்தன் கோதுமை விதைப்பான். இதுக்கு இவ்வளவு யோசனை!

— யோசிக்கட்டும் மாமா, அவங்களுக்கும் குடும்பம் இருக்கும். நாம டீ குடிப்போம். அப்புறம்... நேத்து உங்க பொண்ணு...

— டீயில சக்கரை கம்மி.

— நீங்க போட்ட டீதான்.

— அதான் தைரியமா குறை சொல்றேன்.

— நேத்து அவ சாமான் கட்ட ஆரம்பிச்சுட்டா. வெள்ளிக்கிழமை லாரி வருது.

— எந்த லாரி?

— போன வாரமே சொன்னேனே. அவளுக்கு வேலை மாத்தலாயிடுச்சு. நானூறு கிலோமீட்டர். கடையையும் அங்கேயே கொண்டு போறேன். இதுதான் கடைசி ஞாயித்துக்கிழமை மாமா.

— போன வாரம் நீ சொல்லிக்கிட்டிருக்கும்போதே ராஜாக்கள் முடிச்சுட்டாங்க. பாதிதான் காதுல விழுந்தது.

— முழுசாவே விழுந்தது. கேட்டுட்டு நேரா வந்து என் துறைமுகத்தை எரிச்சீங்க.

— சண்டைன்னா அப்படித்தான்.

— அதுவரைக்கும் என்கூட சமாதானமா இருந்தீங்க. சண்டையே அப்பத்தான் ஆரம்பிச்சீங்க.

— கப்பலை அங்க நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு அவளுக்கு ஆசை மாமா. ஆனா வந்தா கதவைத் திறப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயம். நீங்களே ஒரு நடை வந்தீங்கன்னா... பஸ்ல ரெண்டே ஸ்டாப்தான்.

— முடிச்சுட்டானுங்க. ஆடு.

— மாமா.

— ஆடு தம்பி.

— ஆடிட்டேன் போங்க. உங்க முறை.

— நானும் முடிச்சுட்டேன். அழுத்தியாச்சு. இப்ப நாலு நிமிஷம் இருக்கு, எனக்கு ஒரு விஷயத்தை விளக்கு. பத்து மாடிக் கட்டடம், எட்டு லிஃப்ட். ஒரே ஒரு ஆள் பத்தாவது மாடிக்குப் போகணும். எட்டு இருக்குங்கறதுக்காக அவன் சீக்கிரம் போயிடுவானா?

— மாட்டான். அதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொல்றேன்! ஒண்ணுல அவன் ஏறுவான், மத்த ஏழும் சும்மா நிக்கும்.

— நல்லது. நம்ம ராஜாக்கள் எத்தனை பேரு?

— ஆறு பேரு.

— ஆறு பேரும் ஆளுக்கொரு மாடிக்குப் போகணும். ஒரே லிஃப்ட்டுன்னா வரிசையில நிக்கணும். எட்டு லிஃப்ட் இருந்தா?

— எட்டு இருந்தா... டீ ஆறிடும், குடிங்க மாமா.

— என்ன கடைக்காரத் தம்பி, கரண்ட் போயிடுச்சா?

— அது... ஆட்டத்தை எழுதினவங்க அப்படிப் பங்கு பிரிச்சு எழுதியிருக்கணும் மாமா. எழுதலைன்னா எத்தனை கோர் இருந்தும்...

— இதுல எழுதியிருக்காங்க.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீ இல்லாதப்ப பாத்தேன். நாப்பது செகண்ட்.

— என்னது நாப்பது செகண்ட்?

— ஆறு ராஜாவும் யோசிச்சு முடிக்க. ரெண்டு வாய் டீ குடிக்கறதுக்குள்ள என் முறை வந்துடுது.

— மாமா...

— அஞ்சு மாசத்துக்கு முன்னாடி தூசி தட்டணும்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போன. திரும்பி வந்தப்ப ஃபேன் சத்தமே வேற. முப்பத்தோரு வருஷம் மோட்டாரோட குடும்பம் நடத்தின காது இது. அன்னைக்கே தோண்டிப் பாத்தேன். உள்ள எட்டு கோர் ஜம்முனு உக்காந்திருக்கு. ஸ்டார்ட் ஆகற செட்டிங்ல சின்னதா ஒரு கட்டம், அதுல 'ஒண்ணு'ன்னு போட்டு வெச்சிருக்க. ஏழு லிஃப்ட்டைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, லிஃப்டே வேண்டாம்னு எனக்குப் பாடம் நடத்தற.

— திட்டிடுங்க மாமா.

— திட்டறது எங்கயும் ஓடிடாது. ஏன்னு சொல்லு.

— மாட்டின அன்னைக்குக் கடையில ஓட்டிப் பாத்தேன். நீங்க சொன்ன அதே நாப்பது செகண்ட். எனக்குப் பயம் வந்துடுச்சு. ஆடறப்ப நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. அந்த நாலு நிமிஷத்துலதான் அவளைப் பத்தி நான் ஏதாவது சொல்வேன், நீங்களும் கேக்காத மாதிரி கேட்டுக்குவீங்க. அவ கண்ணாடி போட்டது, ஸ்கூட்டர்ல விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டது, உங்களை மாதிரியே தூக்கத்துல பேசறது... எல்லாமே ராஜாக்கள் யோசிக்கறப்ப சொன்னதுதான். நாப்பது செகண்ட்ல என்னத்தைச் சொல்றது? அவ பேரை எடுத்து முடிக்கறதுக்குள்ள உங்க குதிரைப்படை கிளம்பிடும்.

— நான் தூக்கத்துல பேசறேன்னு யாரு சொன்னா?

— அவதான்.

— என்ன பேசுவேனாம்?

— 'மேல தூக்கு, மேல தூக்கு'ம்பீங்களாம்.

— ம்.

— ஆமா, அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டீங்கன்னா ஏன் விட்டு வெச்சீங்க? இப்பவும் நாலு நிமிஷம்தானே ஓடுது?

— வாரம் பூரா எட்டும் ஓடும். ஞாயித்துக்கிழமை காலையில பல்லு விளக்கினதும் மறுபடி ஒண்ணுன்னு மாத்தி வெச்சுடுவேன்.

— அஞ்சு மாசமாவா?

— ஒரே ஒரு வாரம் மறந்துட்டேன். நீ வாசல்ல செருப்பு கழட்டற சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதான் 'தரை ஈரமா இருக்கு, வெளியவே நில்லு'ன்னேன்.

— கால் மணி நேரம் மழையில நின்னேன் மாமா!

— தூறல். அதுக்கு மழைன்னு பேர் வெக்காத.

— தலையெல்லாம் சொட்டச் சொட்ட உள்ள வந்தேன், தரை காஞ்சு கிடந்தது. ஏன்னு யோசிச்சு யோசிச்சு அந்த வாரம் ஒரு தாடி ராஜாகிட்ட என் தலைநகரமே போச்சு.

— அது தரையால போகல. உன் திறமையால போச்சு.

— சிரிக்காதீங்க. இன்னொண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். சொன்னா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கா. பரவாயில்ல. அந்தப் பிராசஸர் என் கடைச் சரக்கு இல்ல.

— பின்ன எங்க திருடின?

— உங்க மெஷின் ரொம்பத் திணறுது, ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னேன். மறுநாளே வெளியில போய் வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தா. என் கடையில வாங்கினா சுமாரானதைக் குடுத்துடுவேனாம். 'அப்பாவுக்குப் பொறுமையே கிடையாது, அவரைக் காக்க வெக்காதே'ன்னா. அதுதான் அது. மாமா? ராஜாக்கள் முடிச்சுட்டாங்க. உங்க முறை. மாமா, டீ சாயுது. டம்ளரை இப்படிக் குடுங்க.

— ஆட்டத்தை சேவ் பண்ணு.

— கோவமா?

— சேவ் பண்ணிட்டு, அந்தக் கட்டத்துல எட்டுன்னு போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு.

— எட்டா? இன்னைக்கா? அப்புறம் நாம பேசவே முடியாதே மாமா.

— பேசினது போதும். இன்னும் இருபது சுத்து இருக்கு. உன் லட்சணத்துக்குப் பத்துலயே தோத்துடுவ.

— அப்படி என்ன அவசரம்? பாதியில நிறுத்திட்டு அப்புறம் ஆடலாமே.

— பாதியில விட்டா ஜெயிச்சுட்டேன்னு அங்க போய்ச் சொல்லிக்குவ. மளமளன்னு ஆடு. அவ மத்தியானம் படுத்தா அஞ்சு மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டா, படுக்கறதுக்குள்ள நாம அங்க போயிடணும்.