பிளாஸ்க் காப்பி

மாரிவிக்: கையை விடு நெஸ்தர். நகம் குத்துது.

நெஸ்தர்: நான் எங்க பிடிச்சேன்? நீதான் பிடிச்சிருக்கே.

மாரிவிக்: பிடிக்காம? போன வாரம் சும்மா விட்டேன், கழுத்துல கட்டின துண்டோட ஜீப்னி வண்டி ஸ்டாண்ட் வரைக்கும் ஓடினே. இலோய்லோ ஊரே வேடிக்கை பாத்துச்சு.

நெஸ்தர்: அது... காத்து வாங்கப் போனேன்.

டாக்டர்: போறதுக்கு முன்னாடி என் விரலைக் கடிச்சுட்டுப் போனே. வடு இன்னும் இருக்கு, பாரு. முப்பது வருஷமா பல்லு பிடுங்கறேன், கடிச்சது நீ ஒருத்தன்தான். வா, நாற்காலியில சாய்.

நெஸ்தர்: இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமே டாக்டரம்மா.

டாக்டர்: பேசு. பதினோரு வருஷமா கப்பல் இஞ்சின் ரூம்ல வேலை. அந்தச் சத்தத்துலயே தூங்கற ஆளு. இந்தச் சின்ன மெஷினுக்குப் போயி...

நெஸ்தர்: கப்பல் இஞ்சின் என் வாய்க்குள்ள ஓடாதே.

டாக்டர்: வாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பல்லுதான் சொத்தை. ரெண்டு கடவாப் பல்லையும் எடுத்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். அது இல்லாம உன்னைக் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. என்னைக்குக் கப்பல்?

நெஸ்தர்: வெள்ளிக்கிழமை.

மாரிவிக்: ஒம்பது மாசத்துக்கு.

டாக்டர்: இன்னைக்கே செவ்வாய். பயம் போக மூணு வழி இருக்குன்னு போன தடவையே சொன்னேன். ஒண்ணு மாத்திரை. ரெண்டு குடுத்தேனே... ராத்திரி ஒண்ணு, புறப்படறப்ப ஒண்ணுன்னு. போட்டியா?

நெஸ்தர்: போடலை. நாளைக்கு மூத்திர டெஸ்ட். போதை மருந்து இருக்கான்னு கம்பெனியில பாப்பாங்க. இந்த மாத்திரையும் அதுல தெரியுமாமே.

டாக்டர்: தெரியும். நான் குடுத்ததுன்னு சீட்டு எழுதித் தர்றேன்...

நெஸ்தர்: சீட்டைக் காட்டினா இன்னொரு டெஸ்டுக்கு மணிலாவுக்கு அனுப்புவாங்க. பத்து நாள் ஆகும். அதுக்குள்ள என் இடத்துல வேற ஆள் ஏறியிருப்பான்.

டாக்டர்: அப்ப ரெண்டாவது வழியும் போச்சு. நரம்புல ஊசி போட்டா அரைத்தூக்கத்துல கிடப்பே, ஆனா டெஸ்டுல மாட்டுவே. ஆமா, அந்த மாத்திரையை என்ன பண்ணினீங்க?

மாரிவிக்: கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன். நெஸ்தர்தான் தூக்கிப் போடச் சொன்னது.

டாக்டர்: சரி, மூணாவது. மூக்குல வைக்கிற காத்து. இழுத்தா உடம்பு லேசாயிரும். நிறுத்தினா அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிரும். டெஸ்டுக்கும் பயமில்லை.

நெஸ்தர்: அதையே வைங்க.

மாரிவிக்: கப்பலுக்குப் போறதுன்னா மட்டும் எப்படியாவது ஒரு வழி கிடைச்சிருது, இல்ல?

நெஸ்தர்: ஆரம்பிக்காதே மாரி. கம்பெனி கூப்பிட்டா...

மாரிவிக்: போன தடவையும் கம்பெனிதான் கூப்பிட்டுச்சு. அதுக்கு முந்தியும். இதுதான் கடைசின்னு மாதா சிலை முன்னாடி மூணு தடவை சொல்லியாச்சு.

நெஸ்தர்: போன தடவை டெஸ்டுக்குக் கிளம்பற காலையில அங்க காட்ட வேண்டிய என் மாலுமிப் புத்தகத்தை அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சே. அதைச் சொல்லு டாக்டரம்மாகிட்ட.

மாரிவிக்: சொல்றேன். நீ அரிசியைத் தரையில கொட்டி எடுத்துக்கிட்டுப் போனே. அதையும் சொல்றேன். அப்பறம் நாலு மாசத்துல நம்ம பையன் பொறந்து ரெண்டே நாள்ல போயிட்டான். அவனைப் புதைக்கிறதை நீ போன்ல பாத்தே. அதுவும் பாதியில சிக்னல் போச்சு. சொல்லட்டுமா இன்னும்?

நெஸ்தர்: நடுக்கடல்ல இருந்து நீந்தியா வர முடியும்?

டாக்டர்: போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க. மாரிவிக், நீ வெளிய போய் உக்காரு. காத்தைத் திறந்தா ரூம்ல கொஞ்சம் பரவும், வயித்துப் பிள்ளைக்காரி இங்க இருக்கக் கூடாது. எத்தனை மாசம்?

மாரிவிக்: ஆறு.

டாக்டர்: அப்ப பிரசவத்துக்கு நெஸ்தர்...

மாரிவிக்: போன்ல பாக்கலாம். சிக்னல் இருந்தா.

டாக்டர்: ம்... சாயுப்பா. வாயைத் திற. அட, திறந்துட்டியே. கைகூட நடுங்கலை. போன வாரம் நாற்காலியே ஆடுச்சு.

நெஸ்தர்: பழகிருச்சு போல.

டாக்டர்: என்னைப் பாரு. கண்ணு சொருகுதே... நாக்கும் குழறுது. என்ன சாப்பிட்டே?

நெஸ்தர்: ஒண்ணுமில்லை... ஜீப்னியில காப்பி. மாரி பிளாஸ்க்ல கொண்டு வந்தா.

டாக்டர்: ராத்திரி தூங்கலையா?

மாரிவிக்: எங்க தூங்கறது? நேத்து முழுக்க அலைச்சல். கப்பலுக்கு பூட்ஸ் வாங்கறேன்னு காலையிலயே போயி, இருட்டற நேரத்துக்கு வெறுங்கையோட வந்தாச்சு.

நெஸ்தர்: அளவு இல்லைன்னுட்டான்.

டாக்டர்: பூட்ஸ் கிடக்கட்டும். நான் சொல்றதை ரெண்டு பேரும் கேளுங்க. உடம்புல ஏற்கெனவே மயக்க மருந்து இருந்து, அதுக்கு மேல காத்தையும் வச்சா மூச்சு மட்டுப்படும். சிலருக்கு நின்னே போகும். எதுவும் போடலையே?

நெஸ்தர்: இல்லை.

டாக்டர்: மாரிவிக், கதவைச் சாத்திட்டுப் போம்மா. நெஸ்தர், மூக்குல வைக்கிறேன். மெதுவா இழு...

மாரிவிக்: வேண்டாம். எடுங்க டாக்டரம்மா. முதல்ல அதை எடுங்க.

டாக்டர்: என்னம்மா?

மாரிவிக்: காப்பியில இருக்கு.

டாக்டர்: எது?

மாரிவிக்: மாத்திரை. ரெண்டையும் பொடி பண்ணிக் கலந்தேன்.

டாக்டர்: ரெண்டையும் ஒரே நேரத்துலயா? அறிவிருக்கா உனக்கு? இன்னும் ஒரு நிமிஷம் நீ பேசாம இருந்திருந்தா... விரலை நீட்டுப்பா, மூச்சு சரியா இருக்கான்னு காட்டற இந்தக் கிளிப்பை மாட்டறேன். மூச்சை நல்லா இழுத்து விடு... ம், சரியாத்தான் இருக்கு. காத்து கிடையாது இன்னைக்கு.

மாரிவிக்: டெஸ்டுல தெரியும்னு நீதானே சொன்னே நெஸ்தர். தெரியட்டும். கப்பல் போகட்டும். இன்னொரு தடவை நான் தனியா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்... எனக்கு வேற வழி தெரியலை. திட்டணுமா, திட்டு. எவ்வளவு வேணா திட்டு. வீட்ல இருந்துக்கிட்டுத் திட்டு.

நெஸ்தர்: டாக்டரம்மா... பல்லை எடுத்துருங்க.

டாக்டர்: இப்பவா?

நெஸ்தர்: இப்ப பயமில்லை. மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு எடுங்க.

டாக்டர்: அரை மணி நேரம் பாத்துட்டு எடுக்கலாம். ஆனா எதுக்குப்பா அவசரம்? கப்பல்தான் போச்சே. என் கையெழுத்தை வச்சு என்ன பண்ணப் போறே?

மாரிவிக்: எடுக்கட்டும் டாக்டரம்மா. வலியோட எதுக்கு வீட்ல இருக்கணும்... நீ ஏன் அப்படிப் பாக்கறே?

நெஸ்தர்: காப்பி முதல் வாயிலயே கசந்துச்சு மாரி.

மாரிவிக்: கசந்துச்சா? இன்னொரு கப் ஊத்துன்னு நீதானே கேட்டே.

நெஸ்தர்: கேட்டேன். பல்லு பயம்.

மாரிவிக்: தெரிஞ்சேவா... மூச்சு நின்னுரும்னு டாக்டரம்மா சொன்னப்பவும் இல்லைன்னியே.

நெஸ்தர்: ஆமான்னு சொன்னா, டெஸ்டை வச்சுக்கிட்டு எப்படிக் குடிச்சேன்னு நீ கேப்பே.

மாரிவிக்: இப்ப கேக்கறேன். எப்படிக் குடிச்சே?

நெஸ்தர்: நாள் தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்டே, அதான் நாளைக்குன்னு சொன்னேன்... நேத்து நான் பூட்ஸ் கடைக்கே போகலை மாரி. டெஸ்டுக்கு மூத்திரம் குடுத்துட்டு வந்தேன்.