அண்ணன் ஆம்ப்ளிபயரும் சனிக்கிழமை எடுப்பும்

…புதுசாம்ல, புதுசு! யாருகிட்ட கதை விடுற, தாயி? இந்த டிரான்சிஸ்டர் செய்யறத ஜப்பான்காரன் நிறுத்தி எத்தனையோ வருசமாச்சு. அவன் ஊருலயே கெடைக்காது. நம்ம கானாவுல, இந்தத் தக்கராடி மார்க்கெட்டுல மட்டும் வாராவாரம் புதுசு புதுசா பொறக்குது! யாரு பெத்துப் போடறா, நீயா?

சிரிக்காத. முதுகுல கட்டியிருக்கற புள்ள முழிச்சுக்கப் போவுது. உன் புருசன் எங்க? சாப்பிடப் போயிட்டானா… போவான், போவான். போன வாரம் இதே பலகைய அடிச்சு சத்தியம் பண்ணி நாலு குடுத்தான். "அத்தை, இது அசல், பாட்டு போட்டா ஷாமா ஊரே ஆடும்"னான். ஆம்ப்ளிபயர்ல மாட்டின ஒடனே நாலும் போச்சு. இந்தா, கைக்குட்டையில முடிஞ்சு கொண்டாந்திருக்கேன், நாலு பொணத்தையும். தொப்பிய போட்டுக்கிட்டு ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டு எப்படிக் கெடக்குதுங்க பாரு, குடிச்சுட்டுக் கடக்கரையில விழுந்தவனுங்க மாதிரி!

இரு, பாட்டில எடுக்கறேன். என் மவளோடது, நகப்பூச்சு அழிக்கற தண்ணி. ஒரே ஒரு சொட்டு… தேய்ச்சேனா? பாத்தியா! மேல அடிச்சிருந்த நம்பர் எங்க? என் விரல்ல ஒட்டிக்கிச்சு! அடியில வேற நம்பரு! கடன்காரன்கூட இப்படிப் பேர மாத்திக்கிட்டு ஓடி வர மாட்டான்.

எங்க ரிப்பேர்காரன் குவைனூ ஒண்ணோட தொப்பிய அறுத்துக் காட்டினான். அசல்ல உள்ளாற இருக்கற சில்லு சுண்டுவிரல் நகத்தளவு இருக்குமாம். இதுல என்னடான்னா கடுகு! இத்தாம்பெரிய மண்டைக்குள்ள ஒரு கடுகு. எங்க அண்ணிக்காரி மண்டை மாதிரியே.

அண்ணி யாருன்னு நீ கேக்கல, ஆனா சொல்லிடறேன், அப்பத்தான் உனக்குப் புரியும். எங்க அண்ணன் எஸ்ஸுமான். கப்பல்ல வேல பாத்தவரு. போன மாசம் கண்ண மூடிட்டாரு. ஐஸ்ல வச்சிருக்கோம், இந்தச் சனிக்கிழமை எடுப்பு. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "அரபா, என் எடுப்புக்கு என் ஆம்ப்ளிபயர்லதான் பாட்டு போடணும். வாடகைக்காரன் சத்தத்துல நான் போவ மாட்டேன்." பொண்டாட்டிகிட்ட சொல்லல, கவனிச்சுக்க. தங்கச்சிகிட்ட சொன்னாரு. அந்த மெஷின ஹாம்பர்க்குல எறங்கி வாங்கி, கப்பல்ல தன் படுக்கையில அதப் படுக்க வச்சுட்டு, தான் தரையில படுத்துக்கிட்டு வந்த மனுசன்!

அந்த எஃபிபா, அண்ணிக்காரி, என்ன பண்ணியிருக்கா? கலர் லைட்டு, கம்ப்யூட்டரு எல்லாம் வச்சிருக்கற ஒருத்தன புடிச்சு, "சனிக்கிழமை தெருமொனையில வேன நிறுத்திக்கிட்டு நில்லு, கெழட்டு மெஷின் எப்படியும் பொகையும்"னு சொல்லி வச்சிருக்கா. இவளுக்கு என்ன உரிம? நம்ம ஃபான்டி வழக்கத்துல பொணம் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். நாங்கதான் எடுக்கறவங்க. பொண்டாட்டிக்கு அழற வேல மட்டும்தான். அதையும் ஒழுங்கா செய்ய மாட்டேங்கறா.

இது என்ன டப்பா? ஐய… எண்ணெய்ப் பிசுக்கு. பழசா? உடைஞ்ச மெஷின்லேருந்து புடுங்கினதா! ஏண்டி, செத்த மனுசனுக்குச் செத்த மெஷினோட உறுப்பா? கொண்டா இங்க. ஒரு சொட்டு ஊத்தறேன்… தேய்க்கறேன்… ம். இன்னும் தேய்க்கறேன்… ம்ம். நம்பர் போவல. கையில வச்சா கனமாவும் இருக்கு. ஏன் தாயி, இத அடியில மறைச்சு வச்சுட்டு பொய்ய மேல பரப்பி வச்சிருக்கீங்க? என்னது? ஜனங்க பளபளன்னு இருந்தாத்தான் வாங்குதுங்களா? அதுவும் சரிதான். நானும் போன வாரம் பளபளப்பத்தான் பொறுக்கினேன்.

சரி, நாலு எடு. ஜோடி பாத்து எடு, ரெண்டு ஜோடியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போவணும்னு குவைனூ சொல்லியிருக்கான். ஆனா நீ எனக்கு ஒரு வாக்கு குடுக்கணும். சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சு குழியில மண்ணு போடற வரைக்கும் இது பாடணும். நடுவுல பொகைஞ்சுச்சு, அந்த வேன்காரன் உள்ள வந்துருவான், எங்க அண்ணன் சொன்ன ஒரே ஒரு வார்த்தைய நான் காப்பாத்தாதவ ஆயிடுவேன். நடுச்சபையில எஃபிபா என்னப் பாத்து ஒரு பெருமூச்சு விடுவா பாரு, அது போதும், என்னையும் சேத்து பொதச்சிரலாம்.

மொதல்ல செத்தது எதுவா? உன் புருசன் குடுத்ததுக்கு முன்னாடியா? அது மெஷினோடவே வந்தது. ஜப்பான்காரன் கையால வச்சது. ஆமா, அசல்தான். இத்தன வருசமா ஒரு தும்மல் கெடையாது. அண்ணன் போயி ஏழாம் நாளு துக்கத்துக்குக் கூடற ஒரு வாரக் கூட்டத்தன்னிக்கு, மூணாவது பாட்டுல, பட்டுனு… போச்சு. எசமான் போன துக்கம், தாயி. வாயில்லா ஜீவன், தாங்கல. ஏன் அப்படிப் பாக்கற?

குவைனூவும் இப்படித்தான் பாத்தான். "டிரான்சிஸ்டர் மேல பழி போடாதீங்க அத்தை, மெஷின் மேல ஏத்தியிருக்கற பாரத்தப் பாருங்க"ங்கறான். குடிகாரப் பய! மெஷின் மேல அண்ணன் படம் ஒண்ணுதான் வச்சேன், அது ஒரு பாரமா?

ஸ்பீக்கர் பொட்டியா? எத்தனைன்னா… இரு. அண்ணனுக்கு நாலு பொண்ணு, அப்ப நாலு மாப்பிள்ள. முன்னெல்லாம் எழவு வீட்டுக்கு மாப்பிள்ள சீருன்னா சாராயம், துணின்னு நிப்பாங்க. தேமா ஊருக்காரன் இருக்கானே, மூத்தவன், அவன் ஒரு வாரக் கூட்டத்துக்கு ஆள் உசரப் பொட்டி ஒண்ண லாரியில எறக்கிட்டான். மத்தவனுங்க சும்மா இருப்பானுங்களா? ஆளுக்கொண்ணு. கடைசி மாப்பிள்ளைக்குக் கடன் வாங்கியாவது பெருசு. அப்புறம் குடும்பத் தலைவரு ஒண்ணு. சர்ச்சுப் பொம்பளைங்க ஒண்ணு. கப்பல்காரங்க சங்கம் ஒண்ணு. எஃபிபாவோட தம்பி ஒண்ணு, அவன் எதுக்குன்னே தெரியல. அப்புறம் என்னுது. அத்தைன்னு ஒரு மரியாத வேணாமா? ஜோடியாவே எடுத்தேன். மொத்தம்… பத்து. ஆமா, எல்லாத்தையும்தான் மாட்டினோம். மாட்டாம? ஒருத்தர் சீரா கொண்டாந்தத ஓரமா வச்சா அது காறித் துப்பின மாதிரி, சம்பந்தமே அறுந்துடும்!

அண்ணனோட பொட்டியா? மெஷினோட வந்த ரெண்டும் இருக்கு. சின்னது. கீறல் விழுந்து கெடக்குன்னு மெஷின் வச்சிருக்கற பெஞ்சுக்குக் கீழ தள்ளி விட்டுட்டோம்.

என்ன? என் முதுகுல எத்தன புள்ள கட்டுவேனா? இது என்னடி கேள்வி. ஒண்ணு. ரெட்டையா பொறந்தா கஷ்டப்பட்டு ரெண்டு. பத்தக் கட்டினா இடுப்பு ஒடிஞ்சு…

ஐயோ, ஒரே மெஷின் முதுகுல பத்துப் பொட்டி!

அப்ப அதுதான் சொன்னானா, குவைனூ. வாயில போட்ட கெங்கே மாவுருண்டையோட பேசினா யாருக்குப் புரியும்? தெளிவா சொல்ல வேணாமா? என் தப்பா இது? நீயே சொல்லு. சொல்லாத.

ரெண்டே ரெண்டு பொட்டி. எந்த ரெண்டு? நீ சொல்லு பாப்போம், எந்த மாப்பிள்ளைய நான் அவமானப்படுத்தட்டும்? தேமாக்காரன விட்டா மூத்தவ மூஞ்சியத் திருப்பிக்குவா. தலைவர விட்டா… ஐயோ, அவரு சபையில எழுந்திரிச்சுப் பேச ஆரம்பிச்சா, பொணமே "போதும்யா"ன்னு எழுந்து உக்காந்துரும்.

ம்? மெல்லப் பேசு. எல்லாப் பொட்டிக்கும் கம்பி… சரி. பெஞ்சு வரைக்கும் ஓடணும்… சரி. பெஞ்சுக்குக் கீழ, துணிக்கு அடியில… கம்பி முனைய எதுலயும் மாட்டாம?

அடிப்பாவி! புள்ளப்பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு… எடுப்புல போய் ஏமாத்தா! கர்த்தர் பாத்துக்கிட்டிருக்காரு!

…பாட்டு மட்டும் அண்ணனோட பொட்டி ரெண்டுலேருந்து வரும். ம். அவரு மெஷின், அவரு பொட்டி. அவரு கேட்டதும் அதானே. தன் பொட்டி பாடலன்னு எவன் வாயத் தொறப்பான்? பக்கத்துப் பொட்டி பாடும்போது தன்னுது பாடலன்னு சபையில ஒத்துக்கற மாப்பிள்ள ஃபான்டி நாட்டுல இன்னும் பொறக்கல. பக்கத்துலயே நின்னு, "எப்படிக் கேக்குது பாத்தீங்களா"ன்னு தலைய ஆட்டுவானுங்க.

என்னோடதா? என் ஜோடியுமா? அதெல்லாம் முடியாது. நான் தங்கச்சி. கையப் புடிச்சு என்கிட்டதான்…

சரி. சரி, ஊமையா நிக்கட்டும். அவரு பாடட்டும்.

டிரான்சிஸ்டர் நாலு கட்டிக் குடு. கம்பியும் வேணும், பொட்டிக்கெல்லாம் தர்ற மாதிரி, இருக்கறதுலயே மெல்லிசா. என் ஜோடிக்கு மட்டும்… அதோ, அந்தச் செவப்புக் கம்பி. அதத்தான். இருக்கறதுலயே தடியா. எஃபிபா உக்கார்ற எடத்துலேருந்து பாத்தா தெரியணும்ல?