முப்பத்தெட்டாவது அழைப்பு

எனக்கு ஞாபகசக்தி சுமார்தான். கடையில் மூன்று பொருளுக்கு மேல் வாங்க வேண்டியிருந்தால் சீட்டு எழுதிக்கொண்டு போவேன். எதுவும் மனதில் தங்குவதில்லையே என்ற கவலையில்தான் இருபத்தாறு வயதில் லேர் நகரத்து மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதும் பயிற்சியில் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமைகளில், ஆறரை மணிக்கு. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்னோவின் வாழ்க்கையைக் கெடுப்பதற்காக நான் எழுத ஆரம்பித்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்கு முன்பிருந்தே எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் உங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில், நான் பேசுவதை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா என்று முறையாகக் கேட்டீர்கள். வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போதுதான் எனக்கு நிதானம் வருகிறது.

ஒன்னோ என் அக்கா கெஷேயின் கணவர். எம்டனுக்கு வெளியே, மதகை ஒட்டிய பம்பு நிலையத்தில் வேலை. தாழ்ந்த வயல்களில் தேங்கும் தண்ணீரை இறைத்து ஆற்றில் விடுகிற இடம். பன்னிரண்டு வருடம் அந்த மோட்டார்களுக்கு நடுவில் நின்றவர். அவரும் அக்காவும் பிரிந்தபோது, அக்கா ஆறு வயது மகள் ஃபென்னாவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டே அறைகள். வாசலில் சின்ன மழைக்காலணிகள், குளியலறையில் மூன்று பல்துலக்கிகள், சமையலறைக் கதவில் ஃபென்னா வரைந்த ஆடுகள். அதுவரை என் வீட்டில் யாரும் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

ஒன்னோ அடித்தவர் அல்ல, குடித்தவரும் அல்ல. அலுத்துப்போன கல்யாணம், அவ்வளவுதான். ஆனாலும் அவர் குரலைக் கேட்டாலே அக்காவுக்கு அழுகை வந்தது. ஆகவே குழந்தையை எப்போது அழைத்துப்போவது, எப்போது கொண்டுவந்து விடுவது என்ற பேச்செல்லாம் என் போனுக்கு வந்தது.

"மொய்ன், இம்கே. இன்னிக்கும் வாசல் காவல் நீதானா?" என்பார். மொய்ன் என்பது எங்கள் பக்கத்து வணக்கம்.

"நான்தான். என்ன வேணும்?"

"என் பொண்ணு வேணும். சனிக்கிழமை பத்து மணிக்கு. தலைகீழா நின்னு கேக்கணுமா, நேரா நின்னு கேட்டாப் போதுமா?"

இப்படித்தான் பேசுவார். நானும் ஓரிரு முறை சிரித்திருக்கிறேன்.

ஃபென்னா ஒரு வாரம் தன்னிடமும் ஒரு வாரம் அம்மாவிடமும் இருக்க வேண்டும் என்று அவர் குடும்ப நீதிமன்றத்தில் கேட்டார். தவறான கோரிக்கை என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படித் தீர்ப்பானால் குழந்தையின் இரண்டு வீடுகளும் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அக்கா எம்டனுக்கே திரும்பிப் போயிருப்பாள். என் வீட்டில் மறுபடியும் ஒரே ஒரு பல்துலக்கி இருந்திருக்கும். இதைக் காரணம் என்று சொல்ல வரவில்லை. அன்றைய நிலைமை என்பதால் குறிப்பிடுகிறேன்.

அக்காவின் வழக்கறிஞர் ஸாத்ஹோஃப் அம்மையார் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"போன்ல எதையும் ரெக்கார்ட் பண்ணிடாதீங்க. அந்தப் பக்கம் பேசறவருக்குத் தெரியாமப் பதிஞ்சா குத்தம். ஜெயில் வரைக்கும் போகலாம்."

"அப்ப அவர் சொன்னதை எப்படி நிரூபிக்கிறது?"

"போனை வெச்ச கையோட உட்கார்ந்து எழுதுங்க. தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தை. எழுதறதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஒழுங்கா எழுதின குறிப்புக்கு நீதிபதிகள் நல்ல மரியாதை கொடுப்பாங்க."

என் போனிலேயே பதிவு செய்யும் பொத்தான் இருந்தது. ஒருநாள் அறியாமல் விரல் பட்டபோது, இந்த அழைப்பு பதிவாகிறது என்று ஒரு பெண்குரல் இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவித்தது. பயந்து துண்டித்துவிட்டேன். சட்டத்தை மீறுவது என் இயல்பில் கிடையாது.

முதல் குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. "மார்ச் 4, மாலை 5.10. சனிக்கிழமை பத்து மணிக்கு வரலாமா என்று கேட்டார். உரக்கப் பேசினார் (மோட்டார் சத்தம்). ஃபென்னாவுக்கு இருமல் நின்றதா என்று விசாரித்தார்." அதை மாலை வகுப்புக்கு எடுத்துப் போனேன், பெயர்களை மறைத்துவிட்டு. ஆசிரியர் உப்ஹோஃப் மேலோட்டமாகப் பார்த்தார்.

"அடைப்புக்குறிக்குள்ள என்னத்துக்கு ஒளிச்சு வெக்கிறீங்க? முக்கியம்னா வெளிய கொண்டுவாங்க. இல்லேன்னா அடிச்சிடுங்க."

முக்கியமா என்று யோசித்தேன். எனக்கு எதிலும் உறுதி வருவதில்லை. அடித்துவிட்டேன். உரக்கப் பேசினார் என்று மட்டும் நின்றது. ஒரு வாரம் கழித்துப் படித்தபோது அந்த வாக்கியம் அரைகுறையாகத் தோன்றியது. காரணமில்லாமல் ஒருவர் உரக்கப் பேசினால் அதற்குப் பெயர் கத்துவது. அடுத்த குறிப்பில் கத்தினார் என்று எழுதினேன்.

ஒன்பதாவது அழைப்பில் ஒன்னோ கேட்டார்: "இம்கே, ரெண்டு பேரும் சரின்னா ரெக்கார்ட் பண்ணலாமாம். பண்ணிக்கலாமா? நாளைக்கு நான் அப்படிச் சொன்னேன், நீ இப்படிச் சொன்னேன்னு தகராறு வராதில்ல." எனக்கு விருப்பமில்லை என்றேன். என் குரல் ஒரு பெட்டிக்குள் கிடப்பதை நினைத்தாலே கூசியது. குறிப்பில், என் பேச்சைப் பதிவு செய்வது பற்றிப் பேசினார் என்று எழுதினேன். அது பொய்யில்லை.

இருபத்திரண்டாவது அழைப்பில் ஒரே மூச்சில் சொன்னார்: "சனிக்கிழமை போர்க்கும் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன், படகுல. கெஷேகிட்ட சொல்லு, எங்களைத் தேட வேணாம். ஏழு மணிக்கெல்லாம் கொண்டுவந்து விட்டுடுவேன்." நான் எழுதியதில் தீவு இருந்தது, படகு இருந்தது, தேட வேண்டாம் என்பதும் இருந்தது. ஏழு மணி இல்லை. அவர் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அக்கா ஃபென்னாவை அனுப்பவில்லை. கீழே ஒன்னோ அரைமணி நேரம் மணியடித்தார். அதையும் அந்த அழைப்பின் குறிப்புக்குக் கீழேயே எழுத வேண்டியிருந்தது.

முப்பத்தேழு குறிப்புகள் சேர்ந்த பிறகு வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா கோபக்காரர்னு தெரியுது, ஆபத்தானவர்னு தெரியலை. இதை வெச்சுத் தடுக்க முடியாது. நிஜமாவே ஆபத்தானவர்தானா?"

"தெரியலை."

"பேசறது நீங்கதானே. உங்களுக்குத் தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

முப்பத்தெட்டாவது அழைப்பு ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. நாற்பது நொடி.

"ஃபென்னாவுக்கு முன்பல் விழுந்துடுச்சா?"

"ஆடிட்டு இருக்கு."

"விழுந்தா எடுத்து வை. தூக்கிப் போட்டுடாத, என்ன?"

அவ்வளவுதான். தேநீர் போட்டேன். கோப்பையில் கற்கண்டைப் போட்டு, மேலே ஊற்றி, அது விரிசல் விடும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு எழுதினேன். முதலில் எழுதியது மிகையாக இருந்தது. ஒன்னோ அப்படிப் பேசக்கூடியவர் அல்ல. இரண்டாவதும் சரியாக வரவில்லை. அவர் பேச்சில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும், லேசான சிரிப்பு இருக்கும். மூன்றாவது முறை அவர் குரலே காதில் கேட்டது. "நான் வேலை செய்யற இடத்துல தண்ணி எவ்வளவு ஆழம்னு ஃபென்னாவுக்குக் காட்டட்டுமா, இம்கே?"

அக்கா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவே இப்படியா சொன்னான்?"

"எழுதியிருக்கேனே."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். மளிகைச் சீட்டையே ரெண்டு தடவை சரிபார்க்கிற ஆளு."

அக்காவுக்கு இன்றுவரை வேறெதுவும் தெரியாது. அவளிடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

மொத்தம் நாற்பத்தொரு குறிப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஒன்னோவுக்கும் ஒரு பிரதி கிடைத்தது. விசாரணை நாளில் அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி உடைந்த பழைய போன் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பேசும் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இதை வைத்து, பத்தாவது அழைப்பிலிருந்து எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தார். அவருடைய வழக்கறிஞருக்கே அது புதுச் செய்தி. கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீதிபதி பொப்பிங்கா என்னைக் கூப்பிட்டார்.

"இதுல உங்க குரல் இருக்கு. உங்களுக்குத் தெரியாமப் பதிஞ்சது. நீங்க சம்மதிச்சா நான் கேக்கலாம். சம்மதமா?"

"இம்கே, முப்பத்தெட்டை மட்டும் போட விடு," என்றார் ஒன்னோ. "நாப்பது நொடிதான். நான் அப்படிப் பேசியிருந்தா எனக்குத்தானே கேவலம்?"

அந்த அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் தடுமாறவில்லை.

"சம்மதமில்லை," என்றேன்.

நீதிபதி அந்தப் போனை எடுத்து உள்ளே வைக்கும்படி ஒன்னோவிடம் சொன்னார். அதை ஒரு தந்திரமாக நீங்கள் பார்க்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவர் நம்பிப் பேசியதைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வைப்பது இழிவான காரியம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தெரியாமல் பதிந்த அந்தக் குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவர் கேட்டால்தான் வழக்கு. கேட்பதற்கு மூன்று மாதம் அவகாசம். எண்பதாவது நாள்வரை யோசித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஒன்னோவுக்கு அபராதம் விதித்தார்கள். போனைப் பறிமுதல் செய்து, பதிவுகளை அழித்தார்கள். அழித்ததாகக் கடிதம் வந்தது. அதைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

குடும்ப நீதிமன்றம், மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஓர் அலுவலக அறையில், ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க, ஒன்னோ மகளைப் பார்க்கலாம் என்றது. இரண்டு முறைதான் நடந்தது. சனிக்கிழமையில் அப்பா ஏன் வருவதில்லை என்று ஃபென்னா திரும்பத் திரும்பக் கேட்டாள். குழந்தைகளிடம் மழுப்பக் கூடாது என்பது என் கருத்து. முப்பத்தெட்டாவது குறிப்பை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். புரியவில்லை என்றாள். இன்னொரு முறை படித்தேன். மூன்றாவது மாதம் அந்த அறைக்குப் போக மாட்டேன் என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. வகுப்பில் நீச்சல் தெரியாத ஒரே குழந்தை அவள்தான் என்றும், குளத்தருகே கொண்டுபோனால் நடுங்குகிறாள் என்றும் ஆசிரியை உங்களுக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் விசாரித்தபோது, அப்பா அந்த வார்த்தைகளைச் சொன்னதைத் தானே கேட்டதாகச் சொன்னாள். மதகுமேல் நிற்க வைத்து, குனிந்து, காதருகில் சொன்னாராம். அவர் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக்கூடச் சொன்னாள். மதகும் கோட்டும் என் குறிப்பில் இல்லை. அவை அவளுடையவை. நான் எழுதியது ஒரு வாக்கியம்தான்.

இவ்வளவும் உண்மை. இதை நீங்கள் ஃபென்னாவிடம் சொல்லிப் பார்க்கலாம். அவள் உங்களை நம்ப மாட்டாள் என்றே நினைக்கிறேன். ஒன்னோவிடம் காட்டினாலும் பயனிருக்காது. ஏனென்றால் போன நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் என்னைக் கூப்பிட்டார். நாற்பத்திரண்டாவது அழைப்பு. பின்னால் மோட்டார் சத்தம் இல்லை. அந்த வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"தண்ணிகிட்ட நிக்கவே பயமா இருக்கு, இம்கே. எதையும் பதியலை, சத்தியமா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த வார்த்தையை... நான் சொன்னேனா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். பல்லைப் பத்திக் கேட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் என்ன சொன்னேன்னு தெரியலை. பதிவு இருந்தப்ப தெளிவா இருந்தேன். இப்ப எனக்கே நிச்சயமா இல்லை. வார்த்தை என்னோடது மாதிரியேதான் இருக்கு. நீ அன்னிக்கே எழுதி வெச்சவ. நீ சொல்லு, நான் நம்பறேன்."

"சொன்னீங்க," என்றேன்.

"அப்ப அவ என்கிட்ட இல்லாததே நல்லது," என்றார். "நல்லாப் பாத்துக்கோ. தேங்க்ஸ், இம்கே."

அதன்பிறகு அவர் அழுதார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகப் போனை வைத்தேன். அந்த அழைப்புக்கு மட்டும் குறிப்பு எழுதவில்லை. ஒரு மனிதர் மனமுடைந்து பேசுவதை அவருக்குத் தெரியாமல் எழுதி வைப்பது எனக்கு நாகரிகமாகப் படவில்லை.