ஒரு சாண் நாலு விரல்

— கழுத்து நோவுது புள்ள. பன்னண்டு நாளா மல்லாக்கவே கெடந்து எலும்பெல்லாம் பாயோட ஒட்டிக்கிச்சு. அந்தத் தலகாணியச் சித்த எறக்கு.

— எறக்கிட்டனுங்க. தலைய அசைக்காதீங்க, கண்ணுக் கட்டு நழுவிரும். எங்கண்ணன் வந்திருக்குது பாருங்க.

— பாருங்கறயே. எதுல பாக்கறது?

— வாய்ப் பழக்கமுங்க. வா அண்ணா, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு.

— இருக்கட்டும் அம்மிணி. இந்தா, மார்க்கெட்ல நாலு மோசம்பி வாங்குனேன். ஹேகிதியா மாப்ள, எப்படி இருக்கே?

— தொட்டையன் மச்சானா? மாடிப்படி வரைக்கும் ரெண்டு தடவ வந்து திரும்பிப் போனது நீதானா? செருப்புச் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— பீடி குடிச்சேன். கேளு, நாளைக்கு பத்து மணிக்கு என்கொயரி. கம்பெனி ஜீப் வரும். லேபர் இன்ஸ்பெக்டரும் இருப்பாரு. அதான் இன்னிக்கே ஸ்வல்பம் ரெடி பண்ணிக்கலாம்னு.

— ரெடி பண்றதுக்கு என்ன இருக்குது? கேட்டாச் சொல்லப்போறேன்.

— அங்கதான் ஆளுங்க மாட்டிக்கறது. நான்தான் இன்ஸ்பெக்டர்னு வச்சுக்கோ. அவரு கன்னடத்துல கேப்பாரு, நான் தமிழ்ல கேக்கறேன். ஆய்த்தா? பேரு சொல்லு.

— ஜடையன். மார்டள்ளிக்காரன். கான்ட்ராக்ட் ஆளு. ஏழு வருசமா இதே கம்பெனி.

— என்ன வேலை?

— பாய்லருக்குப் போற தண்ணிப் பைப்புல மருந்து ஏத்தற வேலைங்க. வெறுந்தண்ணி போனா உள்ள துருப்புடிக்கும், உப்புக் கட்டிக்கும். அதுக்குக் காஸ்டிக் மருந்து கலக்கோணும். தண்ணிய நிறுத்தவும் மாட்டாங்க, பிரஷரக் குறைக்கவும் மாட்டாங்க. ஓடற பைப்புக்கே ஊசி போடோணும்.

— ஊசின்னா என்னன்னு கேப்பாரு.

— எவர்சில்வர் கம்பிங்க, முழங்கை நீளம், நடுவுல ஓட்டை. பைப்பு மேல ஒரு வால்வு. அது வழியா ஊசி உள்ள போகுது. ஊசி அடைச்சுக்கிட்டா உருவிக் கழுவோணும். மொதல்ல முனை வால்வத் தாண்டி வெளிய வர்ற வரைக்கும் இழுக்கோணும். அப்புறம் வால்வ மூடோணும். அதுக்கப்புறம்தான் மேல் நட்டக் கழட்டறது. வால்வு மூடாம நட்டக் கழட்டுனா, பைப்புல இருக்கற பிரஷரு ஊசியத் துப்பாக்கிக் குண்டாட்டம் தள்ளும்.

— முனை வால்வத் தாண்டுச்சுன்னு எப்படி கொத்தாகும், எப்படித் தெரியும்? உள்ள பாக்க முடியாதே.

— கோடு இருக்குதுங்களே. ஊசி மேல அரத்துல ஒரு கோடு கீறி வச்சிருக்கறோம். இழுக்க இழுக்க, கோடு நட்டுக்கு வெளிய தெரிஞ்சா முனை தாண்டிருச்சுன்னு கணக்கு. முனையில இருந்து ஒரு சாணு நாலு வெரலு.

— டேப்புல அளக்கணும்னு கம்பெனி ரூல் இருக்கே?

— டேப்பு ஸ்டோர்ல பூட்டிக் கெடக்குது. ஏழு வருசமா என்ற சாணுதானுங்க டேப்பு.

— சரி. அன்னிக்கு என்ன நடந்துச்சு?

— ஆயுத பூசைக்கு மறுநா. மருந்து ஏறல. பூசைல வச்ச சந்தனம் ஊசி ஓட்டைல காஞ்சு அடைச்சிருக்கும்னு நெனச்சேன். கோடு தெரியற வரைக்கும் இழுத்தேன். வால்வுக் கைப்புடி முக்காவாசி வந்து நின்னுக்கிச்சு. உப்புப் பூத்திருக்கும்னு ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டுனேன். கொஞ்சம் நவுந்துச்சு. மூடிக்கிச்சுன்னு நம்பிட்டேன். நட்டு ரெண்டு மரை கழண்டிருக்கும், ஊசி வந்து கன்னத்து எலும்ப ஒடச்சுது. அது பின்னாலயே மருந்துத் தண்ணி. கொதிக்கற எண்ணெயக் கண்ணுக்குள்ள...

— போதுமுங்க. எத்தன வாட்டி அதையே சொல்லுவீங்க.

— சும்னிரு அம்மிணி, அவரு சொல்லிப் பழகட்டும். கடைசியா ஒண்ணு கேப்பாரு மாப்ள. அந்தக் கோட்ட யாரு கீறுனது?

— நீங்களே சொல்லுங்க இன்ஸ்பெக்டரே.

— வெளையாடாதே. நான்தான் கீறுனேன்னு சொல்லணும். எப்பவும் நீதானே கீறுவே.

— என்ற கோட்டுக்கு வால்வு ஒத்த வெரல்ல மூடும் மச்சான். ஏழு வருசத்துல ஒரு நாளு முட்டுனதில்ல. இந்தப் பன்னண்டு நாளும் இருட்டுல இதத்தான் போட்டுக் கொடஞ்சுக்கிட்டு இருக்கறேன். பூசை அன்னிக்கு பாய்லர நிறுத்தி ஊசி எல்லாத்தையும் உருவிச் சாமி முன்னால வச்சிருந்தாங்க. நான் லாரில இருந்து மருந்து ட்ரம்மு எறக்கப் போனேன். திரும்பி வர்றப்ப எல்லாம் மாட்டியாச்சு. மாட்டுனது நீ.

— மாட்டுனேன். அதுக்கென்ன?

— கையக் குடு. விரி. ம், இந்தா என்ற கை. ஒண்ணு மேல ஒண்ணு வை. புள்ள, நீ பாத்துச் சொல்லு, எத்தன வித்தியாசம்?

— அண்ணன் சாணு ரெண்டு வெரக்கடை அதிகமுங்க.

— அப்பச் சரி. கோடு ரெண்டு வெரக்கடை முன்னாலயே வெளிய வந்திருச்சு. முனை அப்ப வால்வுக்குள்ளயே நின்னுருக்குது. வால்வு முட்டுனது உப்புல இல்ல, ஊசில.

— மாப்ள...

— சொல்லு.

— அப்ரண்டிஸ் பசங்க பண்ணுன வேலை. சாமி முன்னாடி வைக்கறது மின்னணும்னு எமரி தாள் போட்டுத் தேச்சுட்டானுங்க. உன் கோடு அழிஞ்சே போச்சு. சூப்பர்வைசர் உமேஷ் சாரு, சாயந்தரம் பாய்லர் ஏத்தணும், பேக பேக, சீக்கிரம்னு தலை மேல நிக்கறாரு. ஒரு சாணு நாலு வெரலுன்னு நீ சொல்றது ஞாபகம் வந்துச்சு. அளந்து கீறிட்டேன். சாணுன்னா சாணுதானேன்னு இருந்துட்டேன். யாரு சாணுன்னு புத்திக்குத் தட்டல.

— எங்கிட்ட ஒரு வார்த்த?

— பூசணிக்கா ஒடைக்கறது, பொரி குடுக்கறது, ஸ்வீட் பாக்ஸுக்கு வரிசை... மறந்துட்டேன் மாப்ள. பொய் சொல்லல, மறந்துட்டேன்.

— சரி. நான் கீறுனேன்னு சொன்னா என்ன எழுதுவாங்க?

— ரூல மீறித் தானே கையால அளந்துக்கிட்டான்னு எழுதுவாங்க. நஷ்ட ஈடு வராது. கான்ட்ராக்டர் கைல ரெண்டாயிரமோ மூணாயிரமோ குடுத்துக் கணக்கு முடிச்சிருவான்.

— நீ கீறுனேன்னு சொன்னா?

— நான் பெர்மனென்ட் ஆளு. அப்ப அது கம்பெனி தப்பு. உனக்குப் பணம் கட்டித்தான் ஆகணும். என்ன டிஸ்மிஸ் பண்ணிக் கேஸும் போடுவாங்க. தை மாசம் சுலோசனாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு.

— உன்ற மக கல்யாணத்த நான் மறக்கல.

— உன் குடும்பத்த நான் பாத்துக்கறேன் மாப்ள. அரிசி, வாடகை, பையன் பள்ளிக்கூடம், எல்லாம். மாதேஸ்வரன் மேல ஆணை.

— சாமிய விடு. தமிழாளுகளத் தேடித் தேடி அடிச்ச தொண்ணூத்தொண்ணு கலாட்டால எங்க மூணு பேரையும் உன்ற ஓனரு வீட்டு அட்டத்துப் பரண்ல நாலு நாளு ஒளிச்சு வச்சே. கீழ கல்லடிச்சுக்கிட்டு இருந்தானுக. நீயே மேல ஏறிச் சோறு கொண்டாந்தே.

— அதச் சொல்லிக் கேக்க நான் வரல.

— நீ கேக்கல, நான் சொல்றேன். வலது கண்ணு போயிருச்சு, போகட்டும். எடது கண்ணு வந்துரும்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எங்கயாச்சும் வாச்மேன் வேலைக்காவது நிப்பேன். நாளைக்கு என்ற கோடுன்னே சொல்லிர்றேன். எந்திரிச்சுப் போ மச்சான். மனசு மாறறதுக்குள்ள போ.

— நீ மனுசனே இல்ல மாப்ள, நீ...

— ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?

— இது நாங்க பேசிக்கற விசயம் அம்மிணி. நீ ஜூஸப் புழி.

— புழியறேன். மத்தியானம் இவரு மாத்திரை முழுங்கிட்டுத் தூங்கறப்ப லேபர் இன்ஸ்பெக்டரு வந்தாரு. வீட்டுக்காரம்மாவையும் ஒரு வார்த்த விசாரிக்கோணும்னாரு.

— என்ன கேட்டாரு?

— நீ இப்பக் கேட்டியே, கோட்ட யாரு கீறுனதுன்னு. அதேதான்.

— உனக்கென்ன தெரியும்? நீ என்ன சொன்னே?

— எங்கண்ணன் கீறுச்சுன்னு சொன்னேன். பூசை அன்னிக்கு ராத்திரி இங்க உக்காந்து பொரி தின்னுக்கிட்டே நீதான சொன்னே, மாப்ள வேலையும் சேத்து முடிச்சுட்டேன், கோடு கூடக் கீறியாச்சுன்னு. இவரு அலுத்துப் போய்த் தூங்கிட்டு இருந்தாரு. காலைல சொல்லிக்கலாம்னு இருந்தேன். காலைல பால்காரன் வந்தான், பையன் சட்டையக் காணோம்னான், நானும் மறந்துட்டேன்.

— ஏம் புள்ள, பன்னண்டு நாளா எங்கிட்ட வாயத் தொறக்கலயே.

— தொறந்திருந்தா, இப்பச் செஞ்சீங்களே, இதத்தான் அன்னிக்கே செஞ்சிருப்பீங்க.

— எழுதிக்கிட்டாரா அம்மிணி?

— கன்னடத்துல எழுதிப் படிச்சுக் காட்டுனாரு. கைநாட்டு வச்சாச்சு.

— சுலோசனாவ நெனச்சியா நீ? உன் இடுப்புல வளந்த புள்ள.

— மையில பெருவெரல வச்சுக்கிட்டு அவளத்தான் நெனச்சேன். நெனச்சுட்டுத்தான் வச்சேன்.

— கூடப் பொறந்தவனாச்சே. அவரே விட்டுக் குடுத்துட்டாரு, நீ எதுக்காக?

— அவருக்குத் தெரியாது, அதனால குடுத்துட்டாரு. எடது கண்ணும் வராதுன்னு டாக்டரு நேத்தே எங்கிட்டச் சொல்லிட்டாரு. ரெண்டு கண்ணு அண்ணா, அது நீ இந்த வீட்டுக்குக் குடுக்க வேண்டிய கடன்.