பொன்னியம்மாள் பேசிய கார்

காரில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது நல்ல வேலை இல்லை, ஐயா. பாட்டு கேட்க வேண்டும், பெட்டி தெரியக் கூடாது. கார் வைத்திருக்கிற எல்லாரிடமும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

செவிலிமேட்டில், என் வீட்டை ஒட்டிய ஷெட்டில், என் பழைய காருக்கு நானே சவுண்டு சிஸ்டம் கட்டினேன். ஏழு மாதம் ஆனது. ஸ்டெப்னி டயர் வைக்கிற குழிக்குள் சரியாக உட்காரும்படி பிளைவுட்டை வட்டமாக அறுத்து சப்-ஊஃபர் வைத்தேன். ஆம்ப்ளிஃபயர், டிரைவர் சீட்டுக்கு அடியில். சின்ன ஸ்பீக்கர்கள் கூரைத் துணிக்கு மேலே. கதவு அதிராமல் இருக்க, தறிக்காரர்கள் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகளை உள்ளே அடுக்கி ஒட்டினேன். ஒரு ஒயர் தெரியாது, ஒரு ஸ்குரூ தெரியாது.

முதலில் ஜெபகுமாரைத்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஐடிஐயில் ஒரே பெஞ்ச், இருபது வருடப் பழக்கம். ஒரு பாட்டை முழுக்கக் கேட்டான். "சுமாரா இருக்குதுபா. கம்பெனியிலேயே போட்டுக் குடுத்ததா?" என்று கேட்டுவிட்டு, இறங்கி டீ குடிக்கப் போய்விட்டான்.

நான் கோபப்படவில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் இருப்பவனால் அவ்வளவு சுத்தமாக ஒயர் இழுக்க முடியாது.

அதற்கு அடுத்த மாதம் அவன் அம்மா பொன்னியம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நல்ல மனுஷி. நான் போனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். துக்கமெல்லாம் முடிந்தபிறகு ஜெபகுமார், வேலைக்குப் போய் வர ஒரு கார் வாங்கினான். "என் வண்டிக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்பா, சிம்பிளா" என்றான். சிம்பிளா என்ற அந்தச் சொல்லையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

அவன் கேட்டதைப் போட்டேன். கேட்காத ஒன்றையும் போட்டேன். கூரைத் துணிக்கு மேலே, ஓட்டுகிறவன் தலைக்கு நேராக, தீப்பெட்டி அளவில் இரண்டு ஸ்பீக்கர். பின்சீட்டுக்குள் ஒரு பழைய செல்போன், கார் பேட்டரியிலேயே சார்ஜ் ஆகிறமாதிரி. நான் என் ஷெட்டில் இருந்து கூப்பிட்டால் சத்தமில்லாமல் தானே எடுத்துக்கொள்ளும். அவன் பேசுவது எனக்குக் கேட்கும், நான் அனுப்புவது அவனுக்குக் கேட்கும்.

குரலுக்காக அலைய வேண்டியிருக்கவில்லை. பொன்னியம்மாள் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். "தணிகா, ஞாயித்துக்கெழம வந்துடுப்பா, கருவாட்டுக் கொழம்பு வெக்கிறேன்." இப்படி இருபத்திரண்டு இருந்தன. ஜெபகுமாரிடம் ஒன்றுகூட இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு யார் பேசி அனுப்புவார்கள்? இப்போது ஒரு ஆப் இருக்கிறது. குரலைக் கொடுத்துவிட்டால், நாம் டைப் அடிப்பதையெல்லாம் அந்தக் குரலிலேயே பேசும்.

முதல் நாள் ஒரே ஒரு வாக்கியம்தான். காலையில் அவன் ஐயம்பேட்டையைத் தாண்டுகிற நேரம் பார்த்து, "குமாரு, பெல்ட்டு போட்டுக்கினியாப்பா?"

வண்டி ஓரங்கட்டி நின்றது. இண்டிகேட்டரின் டிக் டிக் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு பெல்ட் மாட்டுகிற சத்தம். ஸ்பீக்கர் எங்கே என்று அவன் தேடவே இல்லை. மறைத்துச் செய்கிற வேலைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒரு வாரத்தில் இரண்டு பேரும் சகஜமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் அடித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அம்மா யோசிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். ஒருநாள் தென்னேரி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போன நேரத்துல நான் டீ குடிக்க வெளிய போயிருந்தேன்மா. பக்கத்துல இல்லாம போயிட்டேன்" என்று அழுதான்.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பொன்னியம்மாள் சொன்னார், "பரவால்லப்பா, அழாத. இந்த வண்டியில சவுண்டு எவ்ளோ தெளிவா இருக்குது பாரு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமாம்மா" என்றான். அந்த ஆமாம் எனக்குப் போதவில்லை.

பிறகு அவன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். வீட்டு வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். சாப்பாடும் அங்கேதான். அவன் மனைவி பிரவீனா என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, அவரு ஊட்டுக்குள்ளயே வர்றதில்ல. கார்ல அவங்க அம்மா இருக்குறாங்கன்னு சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு." அவள் இளைத்துப்போயிருந்தாள். பேசுகிறேன் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலமே பொன்னியம்மாள் மகனிடம் பேசினார். பிரவீனா கூப்பிட்டால் உள்ளே போகாதே என்றார். அவன் வீட்டுக்குள் போய்விட்டால் கேட்கிறதுக்கு ஆளில்லாமல் போய்விடும், ஐயா. இது உங்களுக்குப் புரியும்.

மாட்டிக்கொண்டது என் அவசரத்தால்தான். ஒரு மத்தியானம் பிரவீனா பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பொன்னியம்மாள் வழக்கம்போல, "மிட் ரேஞ்சு என்னமா இருக்குதுபா. தணிகா கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார்.

பிரவீனாவின் குரல் கேட்டது. "அத்தைக்கு டிவி ரிமோட்ல சவுண்டு கொறைக்கவே தெரியாதுங்க. மிட் ரேஞ்சு எப்படித் தெரியும்?"

அடுத்து கத்தரிக்கோல் சத்தம். கூரைத் துணி கிழிவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல துணி அது.

மறுநாள் காலையில் ஜெபகுமார் ஷெட்டுக்கு வந்தான். "நீயாபா?" என்றான். ஆமாம் என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பிளைவுட் துண்டுகள் மேலே உட்கார்ந்தான். பிறகு, "இன்னும் ஒரு தடவ பேசச் சொல்லுபா. தெரிஞ்சேதான் கேக்குறேன். ஒரு தடவ போதும்" என்றான்.

நியாயமாகத்தான் கேட்டான். நானும் நியாயமாகவே சொன்னேன். "மொதல்ல சவுண்டு எப்படி இருக்குதுன்னு சொல்லு."

"நல்லா இருக்குது."

"எது நல்லா இருக்குது?"

"எல்லாமே நல்லா இருக்குதுபா. அம்மாவப் பேசச் சொல்லு."

அழுதுகொண்டே சொன்னான். அழுகிறவன் காதில் என்ன தெளிவு கேட்கும்? அது மனசிலிருந்து வந்த பேச்சில்லை. அதனால் அவன் கண்ணெதிரிலேயே ஆப்பில் இருந்த குரலை அழித்தேன். இருபத்திரண்டு வாய்ஸையும் அழித்தேன். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன்.

தன் அம்மாவை நான் கொன்றுவிட்டதாக ஜெபகுமார் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். எந்தப் பிரிவில் போடுவது என்று நீங்களும் குழம்புகிறீர்கள். ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் அவன் எழுதியது சரி, ஐயா. நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. இத்தனை வருடத்தில் என் வேலையை மனசாரப் பாராட்டியது அந்த அம்மா ஒருத்தர்தான்.